சிறு விளம்பரமும் செய்தித்தாளும்: உரையளவை நோக்கில் ஓர் ஆய்வு

ஒரு பொருளின் உண்மையை அறிதற்குத் துணையாகும் கருவியை நம் முன்னோர் அளவை என வழங்கினர். அளவைகளைப் பத்தென விரித்துக் கூறுவாரும் உளர். அவையனைத்தும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞானசித்தியார் காட்டும் முடிபு. கண்டறிவது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்கார் கூறக் கேட்டறிவது உரை. சமய நூலார் உரையளவையைச் சிறப்பாக ஆகமங்கள்மேல் வைத்துப் பேசினர். நியாய நூலார் அதனை உலகியலுக்கும் விரித்து, நம்பத்தக்கவன் யாவன் என ஆராய்ந்தனர். பொருளை உள்ளவாறு அறிந்தவனாதலும், அறிந்ததை அறிந்தவாறே பிறர்க்கு உரைக்கும் விருப்புடையவனாதலும் அவனுக்குரிய இரு தகுதிகளாம். அறிவு இருந்தும் அவ்விருப்பம் திரிந்தவிடத்து உரை அளவையாகாது.

இக்காலத்து மக்களுக்கு உலக நடப்பைக் கூறும் உரையளவையாக விளங்குவன செய்தித்தாளும் அதனைச் சார்ந்த ஊடகங்களுமே. நாம் நேரிற் காணாத ஆயிரம் நிகழ்ச்சிகளை அவை கூற நாம் நம்புகின்றோம். அங்ஙனமாயின், தான் கூறும் செய்தியில் ஊடகத்துக்கே ஓர் ஆதாயமோ இழப்போ இருக்கும்போது அவ்வுரையை எவ்வாறு மதித்தல் வேண்டும்? வழக்கில் ஒரு பக்கத்தானாக நிற்பவனே சாட்சியும் ஆகும்போது அவன் கூற்றை முற்றாகத் தள்ளுவதா, கொள்ளுவதா? இணையத்தளச் சிறு விளம்பரங்கள் பற்றி எழுந்த பூசல்களும், அவற்றைச் செய்தித்தாள்கள் எடுத்துரைத்த முறையும் இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றன.

சிறு விளம்பரமும் அதன் வருவாயும்

செய்தித்தாளில் விளம்பரம் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது எனப் பலர் கருதுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கொழும்பில் வணிகர்கள் 1834ஆம் ஆண்டிற் தொடங்கிய ஆங்கிலப் பத்திரிகையின் பெயர் ‘ஒப்சேவர் அன்ட் கொமர்சியல் அட்வடைசர்’ என்பது. நோக்குபவன் என்னும் பெயரோடு வணிக விளம்பரம் செய்பவன் என்னும் பெயரும் அதன் நெற்றியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. சென்னை ‘இந்து’ நாளிதழ் 1958ஆம் ஆண்டு வரையும், இலண்டன் ‘டைம்ஸ்’ 1966ஆம் ஆண்டு வரையும் முதற்பக்கத்தில் விளம்பரங்களையே அச்சிட்டன. செய்தியை அறிய விரும்பியவர் பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டியிருந்தது.

பெரு நிறுவனங்கள் கட்டம் கட்டி வெளியிடும் விளம்பரம் ஒரு வகை. பொதுமக்கள் தாமே நான்கைந்து வரிகளில், சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்தி வெளியிடும் சிறு விளம்பரம் மற்றொரு வகை. வீடு வாடகைக்கு, காணி விற்பனைக்கு, மணமகள் தேவை, வேலையாள் தேவை என்பன போன்ற தலைப்புகளின் கீழ் அவை வகுத்து அடுக்கப்படும். தனித்தனியே நோக்குமிடத்து அற்பத் தொகை. திரளாக நோக்குமிடத்துப் பெருஞ்செல்வம். ஐக்கிய அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் நாளிதழ்கள் அச்சு விளம்பரங்களால் ஈட்டிய ஏறத்தாழ 4,870 கோடி டொலரில் 1,960 கோடி சிறு விளம்பரங்களால் வந்ததாகும். பத்தில் நான்கு பங்கு எனலாம். நகரசபைக் கூட்டத்திற்கும் நீதிமன்றத்திற்கும் நிருபரை அனுப்பிய செலவை, பழைய கட்டிலை விற்க முயன்றவர் தாமறியாமலே தாங்கி வந்தனர்.

கொழும்புத் தமிழர் வாழ்விலும் இவ்வரிகள் பெற்ற இடம் பெரிது. 1930ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ‘வீரகேசரி’யின் ஞாயிறு இதழிலோ, ஏரிக்கரை நிறுவனத்தார் 1932இற் தொடங்கிய ‘தினகரன்’ இதழிலோ மணமக்கட் பகுதியைப் பாராத தமிழ்க் குடும்பம் அரிது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தொழில் தேடித் தலைநகர் வந்தவர்க்கு வெள்ளவத்தையில் ஓர் அறையையும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டையும் காட்டிக் கொடுத்தவை இவ்வரிகளே. ஓர் ஊரின் ஆசைகளையும் அச்சங்களையும், சாதி, சீதனம், செவ்வாய்தோஷம் என்பவற்றின் பிடியையும் தலையங்கங்களினும் தெளிவாக இப்பக்கங்கள் காட்டும்.

வருவாய் பெயர்ந்த வரலாறு

சன் பிரான்சிஸ்கோ நகரில் கிரெய்க் நியூமார்க் என்பவர் 1995ஆம் ஆண்டில், நகரில் நிகழவிருக்கும் நிகழ்ச்சிகளை நண்பர்க்கு மின்னஞ்சல் வழியாக அறிவிக்கத் தொடங்கினார். அதுவே பின்னர் ‘கிரெய்க்ஸ்லிஸ்ட்’ என்னும் இணையத்தளமாயிற்று. வேலைவாய்ப்பு முதலிய சில பகுதிகளுக்கு மட்டும், அதுவும் சில நகரங்களில் மட்டுமே, அது கட்டணம் பெற்றது. ஏனைய விளம்பரங்கள் யாவும் இலவசம். செய்தித்தாளில் ஐந்து வரிக்குப் பணம் செலுத்தியவர், இங்கே வேண்டிய அளவு எழுதிப் படமும் சேர்த்து, ஒரு காசும் கொடாது வெளியிட்டார்.

விளைவு விரைவில் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் 1,960 கோடி டொலராக இருந்த அமெரிக்க நாளிதழ்களின் சிறு விளம்பர வருவாய் 2009இல் ஏறத்தாழ 600 கோடியாகக் குன்றியது. பொருளாதார மந்தமும் பிற இணையத்தளங்களும் இதற்குக் காரணமாயினும், கிரெய்க்ஸ்லிஸ்டின் பங்கும் சிறிதன்று. றொபேட் சீமன்ஸ், ஃபெங் ஷு என்னும் ஆய்வாளர் இருவர், 2000 முதல் 2007 வரை இத்தளத்தால் விளம்பரதாரர்கள் மீதப்படுத்திய தொகை 500 கோடி டொலர் எனக் கணித்தனர். விளம்பரதாரர்க்கு மீதமானது நாளிதழ்க்கு இழப்பு. சிறு விளம்பரத்தை மிகுதியாக நம்பியிருந்த இதழ்கள் ஆசிரியபீடத்திற் பணிபுரிவோரைக் குறைத்தன என்பதும், அரசியற் செய்திகள் அவற்றிற் சுருங்கின என்பதும் பிற்கால ஆய்வுகளாற் புலனாயின.

இத்தகைய நிலையிலேதான் பூசல் எழுந்தது. கிரெய்க்ஸ்லிஸ்டில் வீடும் வேலையும் மட்டுமன்றிப் பரத்தமைத் தொழில் சார்ந்த விளம்பரங்களும் ஒரு தனிப்பகுதியாக இடம்பெற்றன. 2009ஆம் ஆண்டு ஏப்பிரலில் பொஸ்டன் நகரின் விடுதியொன்றில் அத்தளத்தில் விளம்பரம் செய்திருந்த பெண்ணொருத்தி கொலையுண்டாள். மருத்துவ மாணவர் ஒருவர் குற்றஞ்சாட்டப்பட்டார். வழக்கு விசாரணைக்கு வருமுன்னர், 2010இல் சிறையிலேயே இறந்தார். ‘கிரெய்க்ஸ்லிஸ்ட் கொலையாளி’ என ஊடகங்கள் அவருக்குப் பெயர் சூட்டின. அடுத்து வந்த மாதங்களில் அரசுச் சட்டத் தலைமையாளர்கள் தளத்தின்மீது நடவடிக்கை எடுப்போம் என அறிவித்தனர். 2010 ஓகஸ்டில் பதினேழு மாநிலங்களின் சட்டத் தலைமையாளர்கள் ஒருங்கே கடிதம் எழுதினர். செப்டெம்பரில் நிறுவனம் அப்பகுதியை மூடி, அதன் பெயர் இருந்த இடத்திற் ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்னும் கரும்பட்டையை இட்டது. சில நாட்களின் பின் அப்பட்டையும் நீக்கப்பட்டது.

உள்நோக்கம் யாது?

இந்நிகழ்ச்சிகளை அமெரிக்க ஊடகங்கள் இடைவிடாது எடுத்துரைத்தபோது ஓர் ஐயம் எழுந்தது. தம் வருவாயைப் பறித்துக்கொண்ட போட்டியாளனை வீழ்த்துதற்கே நாளிதழ்கள் இவ்வாரவாரத்தைச் செய்கின்றன என்பது அவ்வையம். இதனை ஆராயாது ஏற்றலும் ஆராயாது மறுத்தலும் தகா.

ஐயத்திற்குச் சார்பான சான்று ஒன்றுண்டு. விளம்பரத்தின் வழியாகக் கொலை செய்தல் புதியதன்று. பிரான்சு நாட்டில் முதல் உலகப் போர்க் காலத்திலே ஹென்றி லாண்ட்ரு என்பவன் மனைவியை இழந்தவன் எனத் தன்னைக் கூறி, பாரிஸ் நகரச் செய்தித்தாள்களில் மணமகள் தேவை என விளம்பரம் செய்தான். அவ்விளம்பரத்தை நம்பி வந்த பெண்களின் பொருளைக் கவர்ந்து அவர்களைக் கொன்றான் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 1922இல் கொல்லப்பட்டான். அவனுக்குப் பத்திரிகைகள் இட்ட பெயர் ‘கம்பேயின் நீலத்தாடியன்’ என்பது. அவன் வீடெடுத்த ஊரின் பெயரும் பழங்கதையொன்றின் பாத்திரப் பெயரும் அதிற் சேர்ந்தன. அவன் விளம்பரத்தை வெளியிட்ட பத்திரிகையின் பெயர் சேரவில்லை. பொஸ்டன் வழக்கிலோ விளம்பரத்தளத்தின் பெயரே குற்றவாளியின் அடைமொழியாயிற்று. தன் வீட்டுக் குப்பையைக் காணாத கண், அயல் வீட்டுக் குப்பையை எளிதிற் கண்டது எனலாம்.

ஆயினும் இவ்வொப்புமையை அளவிற்கு மேல் இழுத்தல் ஆகாது. செய்தித்தாள் அலுவலகத்தில் விளம்பரத்தைப் பெறுபவர் அதனைப் படிப்பார், பணம் பெறுவார், பெயரும் முகவரியும் பதிவார். ஐயம் தோன்றின் மறுக்கவும் கூடும். இணையத்தளத்திலோ முகம் காட்டாதவர் ஒருவர் ஒரே நாளில் நூறு விளம்பரங்களை வெளியிடலாம். வெளிவந்த பின்னரே பார்வையிடுவோர் அதனைக் காண்பர். ஆதலின் இணையத்தளத்தைக் குறித்து எழுந்த கேள்விகள் வெறும் பொறாமையால் எழுந்தன என்றல் பொருந்தாது. மேலும் அப்பகுதியின் கட்டணங்கள் 2010இல் தளத்தின் மொத்த வருவாயில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகும் என அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. தீமையாற் பொருள் ஈட்டுகின்றாய் எனக் கேட்டல் நியாயமான கேள்வியே.

போட்டியே காரணம் என்னும் கொள்கையை வேறொரு வழியாகவும் சோதிக்கலாம். காரணம் அதுவாயின், சிறு விளம்பர வருவாய் சிறிதுமில்லாத தொலைக்காட்சி நிலையங்கள் அமைதியாக இருந்திருத்தல் வேண்டும். அவை அமைதியாக இருக்கவில்லை. நாளிதழ்களினும் உரக்கவே பேசின. அன்றியும், கிரெய்க்ஸ்லிஸ்ட் அப்பகுதியை மூடிய பின்னர் விளம்பரங்கள் ‘பேக்பேஜ்’ என்னும் தளத்திற்கு இடம்பெயர்ந்தன. அத்தளமோ நியூயோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ முதலான வார இதழ்களை நடத்திய ஒரு பத்திரிகை நிறுவனத்தின் உடைமை. பத்திரிகைக் குலத்தில் வந்த அத்தளத்தையும் ஏனைய நாளிதழ்கள் விட்டுவைக்கவில்லை. ‘நியூயோர்க் டைம்ஸ்’ இதழின் பத்தி எழுத்தாளர் நிக்கலஸ் கிறிஸ்டோவ் 2012இல் அதனைக் கடுமையாகச் சாடினார். அந்நிறுவனத்திற் பங்கு வைத்திருந்த முதலீட்டு வங்கியின் பெயரையும் வெளிப்படுத்தினார். எனவே போட்டி ஒன்றே காரணம் என்னும் கூற்று நிறுவப்படவில்லை.

இதே நிகழ்ச்சியின் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். ‘வில்லேஜ் வொய்ஸ்’ 2011ஆம் ஆண்டில், சிறார் பரத்தமை பற்றி அமெரிக்காவிற் பரவலாகக் கூறப்பட்ட பேரெண்கள் ஆதாரமற்றவை என ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. அவ்வெண்கள் பற்றிய அதன் கண்டனத்தில் உண்மையிருந்தது. ஆனால் அவ்வுண்மையைக் கண்டறிதற்கு அவ்விதழ்க்கு ஊக்கமளித்தது தன் நிறுவனத்தின் வருவாயைக் காக்கும் நோக்கமே என எதிர்த்தரப்பார் கூறினர். நோக்கம் தூயதன்று, கூற்று மெய். இவ்விரண்டும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதே இங்கு நாம் கற்கும் பாடம். ஒருவன் எதன்பொருட்டுக் கூறினான் என்பது வேறு, அவன் கூறியது மெய்யோ பொய்யோ என்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுத்தல் தருக்க வழுவாகும்.

ஏனைய நோக்கங்கள்

போட்டியின் வேறாக வேறு நான்கு நோக்கங்களை இங்கே பிரித்துணரலாம்.

முதலாவது, விற்பனை. காமமும் கொலையும் சேர்ந்த செய்தி எக்காலத்தும் விலைபோகும். புதிய கருவியொன்று அதனோடு சேரின் அச்சமும் வியப்பும் கூடும். இரண்டாவது, தொழிற்கடமை. கடத்தப்பட்ட சிறுமியர் விளம்பரப் பொருளாயினர் என்பது கற்பனையன்று, நீதிமன்றங்களில் நிறுவப்பட்டதாகும். அதனை எழுதாதிருத்தலே குற்றமாயிருக்கும். மூன்றாவது, செய்தி தருவோரின் நோக்கம். நிருபர்க்குச் செய்தி தந்தவர்கள் பெரும்பாலும் சட்டத் தலைமையாளர்கள். அப்பதவி அமெரிக்காவிற் பெரும்பாலும் தேர்தலால் வருவது. கனெற்றிக்கற் மாநிலத்தவர் 2010இல் மூதவைக்குப் போட்டியிட்டார். தென் கரோலினா மாநிலத்தவர் ஆளுநர் பதவிக்கு வேட்பாளராக நின்றார். அவர்க்கு மேடை வேண்டியிருந்தது. ஊடகத்துக்குச் செய்தி வேண்டியிருந்தது. நான்காவது, எளிமை. பல்லாயிரம் மறைவிடங்களில் நிகழும் கொடுமையை ஆராய்தற்கு ஆளும் பொருளும் காலமும் வேண்டும். ஓர் இணையத்தளத்தைத் திறந்து அதிலுள்ளவற்றைப் பார்த்து எழுதுதற்கு அவை வேண்டா. ஆட்குறைப்பால் மெலிந்த ஆசிரியபீடத்துக்கு அது வாய்ப்பாயிற்று. விளம்பரத்தளத்தால் ஏற்பட்ட நலிவே, விளம்பரத்தளத்தைப் பற்றி மேலோட்டமாக எழுதுதற்கும் காரணமாயிற்று என்பது இவ்வரலாற்றின் ஒரு முரண்.

இந்நோக்கங்கள் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இலண்டனில் 1885ஆம் ஆண்டு ‘பால் மால் கசெற்’ ஆசிரியர் டபிள்யூ. ரி. ஸ்ரெட், சிறுமியர் விற்கப்படும் கொடுமையைத் தொடர் கட்டுரைகளால் வெளிப்படுத்தினார். இதழ் பரபரப்பாக விற்றது. அவ்வாண்டிலேயே நாடாளுமன்றம் பெண்களின் சம்மத வயதைப் பதினாறாக உயர்த்தியது. தம் கூற்றை மெய்ப்பித்தற்கு ஒரு சிறுமியை விலைகொடுத்துப் பெற்றுக் காட்டிய ஸ்ரெட், சட்டத்தை மீறியதாக மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். விற்பனை வேட்கை, அறச்சீற்றம், பயன்மிக்க சட்டம், வரம்புமீறிய செயல் ஆகிய நான்கும் ஒருவரிடத்திலேயே, ஒரே தொடரிலேயே காணப்பட்டன. ஊடகத்தின் நோக்கம் யாது என ஒருமையில் வினவுவதே பிழை போலும்.

விளைந்த பயன்

நோக்கத்தை ஆராய்வது வீண் வேலையன்று. செய்தியின் போக்கு சட்டத்தின் போக்கை அமைக்கின்றது. 2018 ஏப்பிரலில் அமெரிக்க அரசு பேக்பேஜ் தளத்தைக் கைப்பற்றி மூடியது. அதே மாதத்தில், பரத்தமை விளம்பரங்களுக்குத் தளங்களைப் பொறுப்பாக்கும் புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தை அஞ்சிக் கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் துணைதேடும் பகுதி முழுவதையும் முன்னரே மூடிவிட்டது. மூன்றாண்டின் பின், 2021இல், அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் அதன் பயனை ஆராய்ந்தது. சட்டத்தின் முக்கிய குற்றப்பிரிவு அதுவரை ஒரேயொரு வழக்கிற்றான் பயன்பட்டது எனவும், விளம்பரங்கள் வெளிநாடுகளிலிருந்து இயங்கும் தளங்களுக்குப் பெயர்ந்தமையாற் சான்று திரட்டுதல் கடினமாயிற்று எனவும் அது கூறியது. தளத்தை மூடுதலே தீர்வு என ஊடகங்கள் காட்டிய வழி, தேடப்பட்ட சிறுமியரை மேலும் ஆழத்திற் புதைத்திருக்கவும் கூடும்.

பாரதத்தில் 2004ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் இதனோடு ஒப்பிடற்பாலது. ‘பாசி’ என்னும் இணைய விற்பனைத் தளத்தில் மாணவர் இருவரைக் காட்டும் ஆபாசப் படக்காட்சி விற்பனைக்கு இடப்பட்டது. அதனைத் தான் இடாத தலைமை அதிகாரி அவ்வாண்டு டிசெம்பரிற் கைதுசெய்யப்பட்டார். அப்பூசலின் பின்னர் 2008இல் தகவல் தொழினுட்பச் சட்டம் திருத்தப்பட்டு, தளங்களின் பொறுப்பு இன்ன எல்லைக்கு உட்பட்டது என வரையறை செய்யப்பட்டது. ஆனால் அவ்விளம்பரம் தளத்தில் இருந்தது ஏறத்தாழ இரண்டு நாட்களே. செய்தியோ பல மாதங்கள் ஓடியது. தளத்தைக் கண்டித்த ஊடகங்களே, அந்த இளம்பெண் பயின்ற பள்ளியின் பெயரை நாடறியச் செய்தன.

இலங்கை நிலை

இலங்கையில் 2012ஆம் ஆண்டு ‘இக்மன்’ என்னும் தளம் தொடங்கப்பட்டது. விரைவு எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. சுவீடன் நாட்டவர் நிறுவிய ‘சோல்ற்சைட்’ நிறுவனம் அதனைத் தொடங்கியது. 2020 முதல் வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வாகனங்களின் விலையை அறியவும் மக்கள் இத்தகைய தளங்களையே நாடினர். இங்கே பத்திரிகை நிறுவனங்கள் இழப்பை எண்ணி வாளாவிருக்கவில்லை. விஜய பத்திரிகை நிறுவனம் ‘ஹிட்அட்’ என்னும் விளம்பர இதழையும் அதே பெயரில் இணையத்தளத்தையும் நடத்துகின்றது. ஆகவே இந்நாட்டில் செய்தித்தாளும் விளம்பரத்தளமும் எதிரெதிர் முகாம்களில் நிற்பன அல்ல. ஒரே கூரையின் கீழ் இரண்டும் வாழ்வதும் உண்டு. இதனால் வாசகர்க்கு எழும் கேள்வி வேறு வகையானது. தன் இனத்தளத்திற் குறை நேரின் அதனைத் தானே எழுதுமா என்பதே அது.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கல்கிசைப் பகுதியிற் பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி இணைய விளம்பரங்களின் வழியாக விற்கப்பட்டமை வெளிப்பட்டு நாடு அதிர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டனர். விளம்பரத்தளங்களோடு தொடர்புடையோரும் அவருள் அடங்குவர். இச்செய்தியை ஊடகங்கள் எழுதியமை கடமையே. ஆயினும் நாள்தோறும் வெளிவந்த தலைப்புகளில் யார் கைதாயினர், அவர் வகித்த பதவி யாது என்பன பெற்ற இடத்தை, அச்சிறுமியைக் காக்கத் தவறிய குடும்பம், பள்ளி, நன்னடத்தைத் துறை என்பவற்றைப் பற்றிய ஆராய்ச்சி பெறவில்லை. பரபரப்பு அடங்கியதும் செய்தியும் அடங்கியது. வழக்குகளின் முடிவை அறிய விரும்பும் வாசகர் தேடிக் களைக்க வேண்டியுள்ளது.

வேலை விளம்பரங்களின் நிலையும் அதுவே. தாய்லாந்திற் கணினி வேலை என இணையத்தில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர், மியன்மார் எல்லையிலுள்ள மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2024ஆம் ஆண்டில் அவர்கள் தொகுதி தொகுதியாக மீட்கப்பட்டனர். இச்செய்தி இணைய விளம்பரத்தின் தீமையாகவே பெரும்பாலும் கூறப்பட்டது. வெளிநாட்டு வேலை பற்றிய போலி விளம்பரங்கள் அச்சிதழ்களின் காலத்திலேயே மலிந்திருந்தன. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவிய சட்டம், உரிமம் இன்றி ஆட்சேர்ப்பதைக் குற்றமாக்கியது அதுபற்றியே. கருவி மாறியது; வறுமையும் வேலையின்மையும் மாறவில்லை. கருவியை மட்டும் வைதுவிட்டுக் காரணத்தை எழுதாது விடும் செய்தி, கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் வேலை தேடி அலையும் அடுத்த இளைஞனைக் காப்பாற்றாது.

பிறிதொன்றும் கருதற்பாலது. சிறுவர் துன்புறுத்தல், நிதி மோசடி முதலியவற்றைத் தடுத்தல் வேண்டும் என்னும் காரணங்களையும் காட்டியே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆணைக்குழுவொன்றுக்கு அது வழங்கும் பரந்த அதிகாரத்தை ஊடக அமைப்புகள் வன்மையாக எதிர்த்தன. இணையத்தின் தீமையை விரித்துரைத்து அச்சத்தை வளர்க்கும் செய்தி, ஒருநாள் செய்தியையே கட்டும் கயிறாகவும் திரிக்கப்படும் என்பதை ஊடகத்தார் அப்போது உணர்ந்தனர்.

வாசகர் கடமை

இங்ஙனம் நோக்கங்கள் பின்னிக் கிடக்கும்போது வாசகர் செய்யக்கடவது யாது? திருக்குறள் ஒற்றாடல் அதிகாரம் இதற்கு வழிகாட்டுகின்றது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு அரசன் ஆராய வேண்டும் எனவும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவிடத்தே தெளிய வேண்டும் எனவும் வள்ளுவர் கூறுவர். ஒற்றனைக் கொல்லுக என்றோ, ஒற்றே வேண்டா என்றோ அவர் கூறவில்லை. ஒருவரையொருவர் அறியாமை என்னும் நிபந்தனை இன்றைய வாசகர்க்கு மிக இன்றியமையாதது. ஒரே பொலிஸ் அறிக்கையைப் பத்து இதழ்கள் பெயர்த்தெழுதினால் அவை பத்துச் சாட்சிகள் அல்ல, ஒரு சாட்சியே.

இவ்வடிப்படையில் விளம்பரப் பூசல் பற்றிய எச்செய்தியையும் சில வினாக்களாற் சோதிக்கலாம். கூறப்பட்ட நிகழ்ச்சிக்குச் சான்று யாது? எண்கள் எங்கிருந்து வந்தன? எழுதிய நிறுவனம் தானும் விளம்பரத்தளம் நடத்துகின்றதா. ஆயின் அதனை வெளிப்படையாகக் கூறியுள்ளதா? இதே குற்றம் தன் விளம்பரப் பக்கத்தில் நேர்ந்தபோது இதே தலைப்பெழுத்தில் எழுதியதா? பாதிக்கப்பட்டவரின் நலன் காக்கப்பட்டதா? பரபரப்பு ஓய்ந்தபின் தொடர்ந்து எழுதியதா? இவற்றுள் இறுதி இரண்டும் மிகச் சிறந்தவை. நோக்கத்தை நாம் நேரிற் காணமுடியாது. அதனைக் கருதலளவையால் உய்த்துணரவே கூடும். அவ்வாறு உணர்தற்கு ஊடகம் சொன்னவற்றினும் சொல்லாது விட்டவை சிறந்த அடையாளங்கள். ஆதாயத்தால் எழுதுபவன் ஆதாயம் தீர்ந்ததும் நிறுத்துவான். கடமையால் எழுதுபவன் எவரும் பாராதபோதும் எழுதுவான்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. ஒரு ஞாயிறு இதழின் முதற்பக்கத்தையும் விளம்பரப் பக்கத்தையும் அருகருகே வைத்து, அவற்றோடு ஓர் இணையத்தளத்தின் அதே நாள் விளம்பரங்களையும் வகுப்பில் ஒப்புநோக்குதல் நல்ல பயிற்சியாகும். முதற்பக்கம் எவற்றைத் தீமை என்கின்றது, உட்பக்கம் எவற்றை விற்கின்றது என்பதை மாணவர் தாமே காண்பர். வெள்ளவத்தையில் வாடகைவீடு தேடும் தாயும், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் மகனும் அன்றாடம் நம்பி ஏமாறும் இடம் அதுவே. அளவை நூல் ஏட்டிற் கற்கும் பாடமாக மட்டும் நின்றுவிடின் அதனாற் பயனில்லை. நாட்காலையில் வாசலில் வந்து விழும் தாளின்மீதும், கையிலுள்ள தொலைபேசியில் ஒளிரும் வரியின்மீதும் அதனைச் செலுத்தக் கற்றவரே உரையளவையின் பயனை முற்றப் பெற்றவராவர்.